வரப் பிந்திய படகுகளும் ஒரு கறுப்புத் திரையும்

சென்ற மாதம் மீனவர் சமாசத்திலிருந்து இரண்டு பேர் உயிலங்குளத்துக்கு என்னைத் தேடி வந்தார்கள். ஒருத்தி, நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவள். மற்றவர் அவளுக்குத் துணையாகப் புதிதாகச் சேர்ந்தவர். படகுகளில் இப்போது ஒரு பெட்டி பூட்டுகிறார்களாம். படகு எங்கே நிற்கிறது என்று செய்மதி வழியாகத் திரையில் புள்ளியாகத் தெரியுமாம். பேசாலையில் நான் இருந்த றேடியோ அறையைக் களஞ்சியம் ஆக்கப்போகிறார்கள். பழைய கணினியை அகற்றுவதற்கு முன் திறந்து பார்த்தபோது, நான் எழுதிவைத்த வீடியோ தேடும் நிரல் கிடைத்திருக்கிறது. இது எப்படி ஓடுகிறது, றேடியோ அறையில் இருந்தவர் இதை ஏன் எழுதினார் என்று கேட்டு எழுதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார் இப்போதைய முகாமையாளர்.

மரியாதையான பிள்ளைகள். ஆனாலும் அவர்கள் கேட்டபோது எனக்கு வந்தது களைப்புத்தான். என் வலது காதில் இப்போது எந்நேரமும் ஒரு இரைச்சல் இருக்கிறது. வைத்தியர் அதற்கு மருந்தில்லை என்றார். அது றேடியோ வேலை தந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பல நாள் தொடாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

கடல் எனக்குச் சொந்தமில்லை. நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. இன்றுவரை ஒரு படகில் ஏறியதில்லை. சண்டை முடிந்த பின் சமாசத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு ஆள் கேட்டார்கள், போனேன். பிறகு படகுகளோடு பேசும் றேடியோ வந்தது. அதைக் கற்றுத்தரக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து ஒரு கிழமை நின்றார். மற்றதையெல்லாம் படகுக்காரர்தான் கற்றுத்தந்தார்கள்.

வேலை இதுதான். காலையிலும் பின்னேரமும் ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். எங்கே நிற்கிறீர்கள், எத்தனை பேர், இஞ்சின் எப்படி, காற்று எப்படி என்று கேட்கவேண்டும். அவர்கள் என்னை றேடியோ அக்கா என்றார்கள். பலரை நான் நேரே கண்டதே இல்லை. கரையில் என்னைக் கடந்து போகிறவர் யாரென்று தெரியாமல் இருப்பேன். அவர் வாய் திறந்தால் தெரிந்துவிடும். பொத்தானை அமத்திய பிறகு, பேசத் தொடங்குவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக மூச்சு எடுப்பார்கள். சிலர் இருமுவார்கள். சிலர் பக்கத்தில் நிற்பவனுக்கு ஏதோ சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சொல்வார்கள். அந்த மூச்சிலேயே ஆளைப் பிடித்துவிடுவேன். இது திறமை இல்லை. ஒரு வேலையை நெடுங்காலம் செய்தால் உடம்பில் ஒட்டிக்கொள்வது.

என் முகாமையாளர் சவிரிமுத்து ஐயா. பேசாலைக்காரர். உயரமான மனிதர், கதவுநிலைக்குக் குனிந்து பழகி வெளியிலும் குனிந்தே நடப்பார். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய அறையில் ‘காணாமல் போன படகு’ என்று யாரும் சொல்லக்கூடாது. ‘வரப் பிந்தின படகு’ என்றுதான் சொல்லவேண்டும். எத்தனை கிழமை ஆனாலும் அது பிந்தின படகுதான். படகில் போனவரின் வீட்டுக்காரர் சமாசக் கந்தோருக்கு வந்தால் முதலில் கதிரை கொடுக்கவேண்டும், பிறகு சீனி போட்ட தேத்தண்ணி. அதைக் குடித்து முடிக்கும்வரை எதையும் சொல்லக்கூடாது. சொல்லும்போது அவர்கள் கதிரையில் இருக்கவேண்டும், ஐயா நிற்பார். றேடியோவில் வருவதை ஹெட்போனில்தான் கேட்கவேண்டும், வீட்டுக்காரருக்கு முன்னால் ஒலிபெருக்கியில் விடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நான் சேர்ந்த முதல் மாதத்திலேயே சொன்னார்: “பிள்ளை, கேட்டதைச் சொல்லு. நினைச்சதைச் சொல்லாத.”

அந்தக் கடைசி விதிதான் கடினமானது. ஒரு தாய் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நினைப்பதைச் சொல்லத்தான் வாய் வரும்.

வீடியோக் கதை இப்படித் தொடங்கியது. ஒரு வாடைக்காலத்தில் அயல் ஊர்ப் படகு ஒன்று வரப் பிந்தியது. நான் விடாமல் கூப்பிட்டேன். கடற்படைக்குச் சொன்னோம், மீன்பிடிக் கந்தோருக்குச் சொன்னோம். ஒரு நாள் காலை அந்த வீட்டுப் பெண் ஒருத்தி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாரோ அனுப்பிய வீடியோ. இந்தியக் கரையில் எங்கோ ஒரு சின்னச் செய்திக்காரர் எடுத்தது. எங்கள் ஆட்கள் துவாயைப் போர்த்துக்கொண்டு மணலில் இருக்கிறார்கள், யாரோ தேத்தண்ணி கொடுக்கிறார்கள். அது ஏற்றப்பட்ட திகதியைப் பார்த்தேன். நான் தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் அவர்கள் அந்த வீடியோவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உரிய வழியால் வரவேண்டிய தகவல் அதற்கும் பிறகுதான் வந்தது.

சவிரிமுத்து ஐயா அதை இரண்டு முறை பார்த்தார். “இதை நாங்கள் ஏன் முதல் காணேல்ல?” என்று கேட்டார். குறை சொல்லும் குரல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

நான் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். கையால் தேடுவது வீண் வேலையாக இருந்தது. அந்த வீடியோ இருந்த தளம் எனக்கு எது பிடிக்கும் என்று தானே முடிவுசெய்து, சினிமாவையும் சமையலையும் முன்னால் தள்ளியது. நேற்றுப் பார்த்ததையே இன்றும் காட்டியது. விளம்பரம் ஓடி முடிவதற்குள் எங்கள் கந்தோர் இணையம் அறுந்துவிடும். அந்த நேரம் மன்னார் நகரத்தில் கூட்டுறவு ஊழியர்களுக்குச் சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு நடந்தது. போனேன். பைத்தன் என்ற மொழியில் சம்பளச் சராசரி கணக்கிடக் காட்டினார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். இடைவேளையில் போதனாசிரியரிடம், இதனால் வீடியோத் தளத்தில் தேட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியின் பெயரையும், வீடியோ ஓட்டும் ஒரு எளிய செயலியின் பெயரையும் எழுதித் தந்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. மீதி எல்லாம் பிழைகள். ஒரு வரியில் இடைவெளி ஒன்று கூடினாலும் பைத்தன் ஓடாது. பின்னேரக் கூப்பீடு முடிந்து கடைசி பஸ் வரும்வரை இருந்து, அந்த இடைவெளிகளைத் தேடிக்கொண்டிருப்பேன்.

முடிவில் வந்தது இது. ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாகத் தேடவேண்டிய சொற்கள். நிரல் அதை மேலிருந்து கீழாக வாசிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் தளத்திடம் புதிய வீடியோக்களைக் கேட்கும். முன்பு காட்டியதை விட்டுவிடும். மிஞ்சியதைக் கறுப்புத் திரையில் இலக்கம் போட்டு அடுக்கும்: தலைப்பு, ஏற்றியவர், நீளம். நான் இலக்கத்தைத் தட்டினால் அந்த வீடியோ மட்டும் தனிப் பெட்டியில் ஓடும். விளம்பரம் இல்லை, பக்கத்தில் வேறு படங்கள் இல்லை. இணையம் தாங்குவதற்காக மிகச் சிறிய அளவில் எடுக்கச் சொல்லியிருந்தேன். ஒரு விசையைத் தட்டினால் படம் ஒவ்வொன்றாக நகரும். இன்னொன்றைத் தட்டினால் பேச்சு மெதுவாகும்.

சொற்கள்தான் உண்மையான வேலை. தமிழும் ஆங்கிலமும் போதாது. வாடைக் காற்று தள்ளினால் படகு மாலைதீவுப் பக்கம் போகும், சோளகக் காற்று தள்ளினால் வேறு பக்கம். அங்கங்கே உள்ளவர்கள் தங்கள் மொழியில்தான் தலைப்பு வைப்பார்கள். அந்த ஊர்களின் பழைய மீட்பு வீடியோக்களைப் பார்த்து, தலைப்பிலிருந்து சொற்களை வெட்டி என் கோப்பில் ஒட்டினேன். மலையாளம், தெலுங்கு, மாலைதீவு மொழி. எதையும் எனக்கு வாசிக்கத் தெரியாது. சரக்குக் கப்பல்களில் வேலை செய்பவர்கள் நிறைய வீடியோ போடுகிறார்கள் என்று கண்டபோது, பிலிப்பைன்ஸ்காரரின் மொழியில் மீனவருக்கு என்ன சொல் என்று தேடி அதையும் சேர்த்தேன்.

ஐயா ஒரு நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து என் பின்னால் நின்று பார்த்தார். நான் படம் பார்ப்பதாக யாரோ சொல்லியிருக்கவேண்டும். திரையில் புரியாத எழுத்துகள் ஓடின. “உதில என்ன எழுதியிருக்கு?” என்றார். தெரியாது என்றேன். பிறகு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கித் தரச் சொல்லி அனுப்பினார்.

பெரும்பாலும் குப்பைதான் வந்தது. விளையாட்டு, பாட்டு, வேறு நாட்டுப் படகுகள், பழைய செய்தியைப் புதிதென்று ஏற்றியவர்கள். கரை ஒதுங்கிய உடல்களையும் பார்த்தேன், யாருடையவை என்று தெரியாமலே. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன். ஆனால் இடைக்கிடை ஒன்று கிடைக்கும். ஒரு படகின் நிறம், ஒரு முகம். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் பார்க்கவேண்டியிருந்தது.

எட்வினின் படகு பிந்தியது அதற்கு அடுத்த வாடைக்காலத்தில்.

எட்வின் பேசாலைக்காரர். வாடை தொடங்கினால் வடக்குக் கரையில் தொழில் செய்ய முடியாது. அதனால் படகைக் கொண்டுபோய்ச் சிலாவத்துறைப் பக்கம் கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார். அவரோடு அவர் மனைவி ஜசிந்தாவின் தம்பி ரெஜி போவான். மூன்றாவது ஆள் முசலிப் பக்கத்து முஸ்லிம் பையன் நிஸாம். இடம்பெயர்ந்த குடும்பத்தில் புத்தளத்தில் பிறந்து, அவர்களோடு திரும்பி வந்தவன். காலைக் கூப்பீட்டுக்கு எட்வின் பதில் சொல்வார், சுருக்கமாக. பின்னேரம் நிஸாம். அவன் மட்டும் என்னை அக்கா என்னாமல், தங்கள் வழக்கப்படி ராத்தா என்பான். பேசத் தொடங்குமுன் மூக்கால் சின்னதாக ஒரு ‘ம்’ வரும், பிறகுதான் சொல். “ம்... கேக்குதா ராத்தா” என்பான். ரெஜி றேடியோவைத் தொடுவதில்லை.

ஒரு பின்னேரம் அந்த ‘ம்’ வரவில்லை. மறுநாள் காலையும் எட்வின் பேசவில்லை. மற்றப் படகுகள் தேடிப் போய் வெறுமனே திரும்பின. காற்று பலமாக இருந்தது.

நிஸாமின் உம்மா தனியே பஸ் ஏறிப் பேசாலைக்கு வந்தார். எங்கே தங்குவீர்கள் என்று நான் கேட்பதற்கு முன், ஜசிந்தா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அதற்கு முன் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. உம்மாவுக்கென்று புதுச் சட்டி வாங்கித் தனியே சமைத்ததாக ஜசிந்தா பிறகு சொன்னாள். தொழுவதற்கு உள் அறையை ஒழித்துக் கொடுத்தாளாம். ஒவ்வொரு நாள் காலையும் இருவரும் ஒன்றாகக் கந்தோருக்கு வந்து விறாந்தையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி செபமாலை உருட்டுவாள், மற்றவர் தஸ்பீஹ் மணி உருட்டுவார். மத்தியானம் போவார்கள், வெயில் தணிய வருவார்கள். நாட்கள் போகப் போக ஊரில் கேட்பவர்கள் குறைந்தார்கள். கடற்படையும் தேடுவதை நிறுத்தியது. ஐயா மட்டும் பிந்தின படகு என்றே சொன்னார்.

அந்த வீடியோ ஒரு காலை நேரத்தில், பட்டியலின் நடுவில் வந்தது. தலைப்பில் எனக்கு விளங்கியது ‘ஸ்ரீலங்கா’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும். ஏற்றியவர் சரக்குக் கப்பல் ஒன்றின் மாலுமி. இலக்கத்தைத் தட்டினேன்.

கப்பலின் மேல்தட்டிலிருந்து போனால் எடுத்தது. கீழே, கப்பலின் ஓரத்தில், ஒரு சின்னப் படகு மோதி மோதி ஆடுகிறது. கயிற்றேணி தொங்குகிறது. ஒருவன் ஏறி வருகிறான். மேலே வந்து கமராவைப் பார்க்கிறான். தாடி வளர்ந்து, தோல் கறுத்து, ஆனால் ரெஜி. பின்னால் இன்னொருவர் ஏறுகிறார். தலையில் துவாய் போர்த்தி முகம் தெரியவில்லை. பச்சைச் சேட்டு, முதுகில் திருவிழாத் தொண்டர் என்று அச்சடித்தது. யாரோ கை கொடுத்து இழுக்கிறார்கள். வீடியோ முடிகிறது. முழுவதற்கும் மேலே ஒரு துள்ளல் பாட்டைப் போட்டிருந்தார்கள். ஒரு மனிதக் குரலும் இல்லை.

ஐயாவைக் கூப்பிட்டேன். பார்த்தார். “காட்டத்தான் வேணும்,” என்றார். “நீ ஒண்டும் சொல்லாத. அவையே பாக்கட்டும்.”

தேத்தண்ணி கொடுத்தோம். குடித்தார்கள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினேன். ரெஜியைக் கண்டதும் ஜசிந்தா மேசையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது ஆள் ஏறும்போது நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். இடது கையில் தையல் விட்ட இடத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது தெரிந்தது. பச்சை நூல் இல்லாததால் அந்த நூலில் தைத்தது தான்தான் என்றாள். அது எட்வினின் சேட்டு. அதில் சந்தேகம் இல்லை. அவள் அழத் தொடங்கினாள், தம்பியும் புருஷனும் இருவருமே உயிரோடு இருக்கிறார்கள் என்று.

உம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “வேற ஆரும் ஏறல்லியா மகள்?” என்று கேட்டார்.

“வீடியோ அதோட நிக்குது உம்மா,” என்றேன். அதுதான் நான் கண்டது.

அவர் மெல்ல, இறந்தவருக்காகச் சொல்லும் “இன்னா லில்லாஹி”யைத் தொடங்கி முழுவதையும் சொன்னார். அப்போதுதான் ஜசிந்தாவுக்குப் பக்கத்தில் இருப்பவரின் நிலை உறைத்தது. அழுகையை நிறுத்தினாள். சந்தோசப்பட்டதற்காக வெட்கப்பட்டவள் மாதிரி உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உம்மா அவளுடைய தலையைத் தடவினார். ஊருக்குப் போய்ப் பள்ளியில் சொல்லவேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மகனுக்காகத் தொழுவிக்கவேண்டும் என்றார். ஜசிந்தா தன் சொந்தக்காரரின் வான் வண்டியைக் கூப்பிட்டாள். உம்மாவின் உடுப்புப் பையை எடுக்க இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. நிரலில் இரண்டு வரியை மாற்றி, அந்த மாலுமி ஏற்றிய எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். சூரியன் மறைவது, கப்பல் சமையலறை, யாருடையதோ பிறந்தநாள். எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக ஏற்றப்பட்ட ஒன்று இருந்தது. தலைப்பே இல்லை. அதனால்தான் என் சொற்களில் அது சிக்கவில்லை.

கப்பலின் சாப்பாட்டு அறை. ரெஜியும் பச்சைச் சேட்டுக்காரரும் மேசையில் குனிந்து சாப்பிடுகிறார்கள். முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. கப்பல் இஞ்சினின் உறுமல். எடுப்பவர் ஆங்கிலத்தில், நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று கேட்கிறார். ரெஜி தலையாட்டுகிறான். பச்சைச் சேட்டு கொஞ்சம் நிமிர்ந்து ஒரு சொல் சொல்கிறது. அவ்வளவுதான்.

ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓட்டினேன். மெதுவாக்கினேன். இஞ்சின் சத்தத்துக்குள் அது இருந்தது. “ம்... தண்ணி.”

பலமுறை ஓட்டினேன். நான் பிழையாகக் கேட்கவேண்டும் என்று விரும்பினேனா, சரியாகக் கேட்கவேண்டும் என்று விரும்பினேனா, இப்போதும் எனக்குத் தெரியாது. ஐயாவைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டுத் தனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்றார்.

“அது நிஸாம் ஐயா.”

“நினைக்கிறியோ, கேட்டியோ?”

“கேட்டனான்.”

அவர் என்னையே பார்த்தார். ரோட்டில் வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. “அப்ப மறிக்கவேணும்,” என்றார். “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மௌத்துத் தொழுகை தொழவிட ஏலாது.”

கப்பலிலிருந்து சரியான தகவல் வரும்வரை பொறுத்திருந்தால் நல்லது என்றுதான் இருவருக்கும் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கு நேரம் இல்லை.

விடைபெறுவதற்காகத்தான் இருவரும் கந்தோருக்குள் வந்தார்கள். ஐயா கதிரைகளை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி கேட்கவில்லை. அவர் விதி மீறியது அந்த ஒரு முறைதான். தானே சொல்கிறேன் என்று தொடங்கியவர் என் பக்கம் திரும்பினார். கேட்டது நான். அதனால் நான் எழும்பி ஹெட்போனை உம்மாவின் தலையில் முக்காட்டுக்கு மேலால் வைத்தேன். ஜசிந்தாவும் பார்க்கத்தக்கதாகத் திரையைத் திருப்பினேன். எதுவும் சொல்லாமல் ஓட்டினேன்.

உம்மாவின் முகம் மாறியது. சந்தோசம் அதில் முதலில் வரவில்லை. அவர் கண்ணை மூடி இன்னொருமுறை என்று விரலால் காட்டினார். ஓட்டினேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். ஜசிந்தாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

ஜசிந்தா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன அக்கா? அவர்தானே? அவற்ற சேட்டுத்தானே?”

உம்மாதான் பதில் சொன்னார். “சேட்டு எட்வின்டதான் மகள். குரல் என்ட புள்ளட.”

வெளியே வான்காரர் ஒருமுறை ஹோன் அடித்தார். ஜசிந்தா திரையையே பார்த்தாள். அதில் பச்சைச் சேட்டு, குனிந்த முதுகு. “அப்ப அவர் எங்க?” என்று என்னிடம் கேட்டாள்.

“எனக்குத் தெரியாது ஜசிந்தா. நான் கேட்டது நிஸாமின்ர குரல். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது.”

நினைத்ததைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு மனிதர் எவ்வளவு பலம் வைத்திருக்கவேண்டும் என்று அன்று தெரிந்தது. உம்மா கதிரையிலிருந்து இறங்கி ஜசிந்தாவின் காலடியில் நிலத்தில் இருந்தார். வான் வெறுமனே போனது. அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் உம்மா ஊருக்குப் போகவில்லை.

கொழும்பிலிருந்து தகவல் வந்தபோது அதில் இரண்டு பெயர்தான் இருந்தது. பிறகு கப்பல் போய்ச் சேர்ந்த துறைமுகத்திலிருந்து ரெஜி போனில் பேசினான். இஞ்சினோடு மல்லுக்கட்டியபோது எட்வினின் கையில் வெட்டு விழுந்திருக்கிறது. அது பழுத்துக் காய்ச்சல் வந்திருக்கிறது. மழையில் நிஸாம் நடுங்கியபோது, எனக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்குது, நீ போடு என்று சேட்டைக் கழற்றிக் கொடுத்தாராம். கப்பல் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். ரெஜி தெரிந்த செபங்களைச் சொன்னானாம். நிஸாம் கால் பக்கம் பிடித்தானாம். கடலில் விட்டிருக்கிறார்கள்.

நிஸாம் திரும்பி வந்து றேடியோ அறை வாசலில் நின்றான். அவன் முகத்தை நான் நேரே கண்டது அன்றுதான். நினைத்ததைவிடச் சின்னவன். இதை அவன்தான் சொன்னான், நான் கேட்கவில்லை: ஏணியைப் பிடித்து ஏறும்போது, மேலே இருந்து பார்ப்பவர்கள் தன்னை எட்வின் அண்ணன் என்று நினைக்கப்போகிறார்களே என்று ஒரு எண்ணம் வந்ததாம். அங்கே இருந்தவர்கள் யாருக்கும் எட்வினையே தெரியாது என்பது பிறகுதான் புத்தியில் வந்ததாம். அவன் பிறகு கடலுக்குப் போகவில்லை. நறுவிலிக்குளத்தில் உழவு இயந்திரம் ஓட்டுகிறான்.

அதற்குப் பிறகும் நான் பல வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன். சவிரிமுத்து ஐயா ஓய்வுபெற்றார், பிறகு காலமானார். வேறு படகுகள் பிந்தின. சில வந்தன. சில பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. அந்தப் பெயர்கள் என் சொற்கோப்பில் இருக்கின்றன. நான் அழிக்கவில்லை, நீங்களும் அழிக்கவேண்டாம்.

நிரலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான். அந்தத் தளம் தன் உள்விதிகளை அடிக்கடி மாற்றும். மாற்றினால் கருவியைப் புதுப்பிக்கவேண்டும். இல்லாவிட்டால் பிழை என்றுகூடச் சொல்லாமல் வெறும் பட்டியலைக் காட்டும். வெறும் பட்டியல் வந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்து எழும்பிப் போய்விடாதீர்கள். முதலில் நிரல் பழுதா என்று பாருங்கள். நான் அப்படி எத்தனையோ காலைகளை வீணாக்கியிருக்கிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த நிரலைக் கடைசியாக ஓட்டியது கந்தோரில் அல்ல, இந்த வீட்டில்தான்.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஜசிந்தா உயிலங்குளத்துக்கு வந்தாள். இடையில் அவள் என்னோடு அதிகம் பேசியதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. என்னைக் கண்டால் அந்த அறை நினைவு வந்திருக்கும். வந்தவள் நேரே கேட்டாள். எட்வின் குரல் செய்தி அனுப்பாத மனிதர், வீட்டுக்கு வந்துதானே கதைக்கப்போறன் என்பாராம். இருந்த போனும் அவரோடு போய்விட்டது. இப்போது அவருடைய குரல் தனக்கு மறந்துகொண்டு போகிறது என்றாள். முகம் இருக்கிறது, பிள்ளைக்குக் காட்டப் படங்கள் இருக்கின்றன. குரல்தான் இல்லை. “உங்களிட்ட றேடியோவில கதைச்சதெல்லாம் எங்கயாவது பதிஞ்சு கிடக்குதோ அக்கா?”

றேடியோ எதையும் பதிந்து வைப்பதில்லை. அதைச் சொன்னேன். அவள் போன பிறகு, ஓய்வுபெறும்போது என் மடிக்கணினியில் பிரதி எடுத்து வைத்திருந்த நிரலைத் திறந்து சொற்கோப்பைப் புதிதாக எழுதினேன். மீட்பு, படகு, மீனவர் என்ற சொற்கள் இல்லாமல். பேசாலைத் திருவிழா, பெருநாள், கலியாணம், பந்து விளையாட்டு, மரண வீட்டு நேரலை. ஊர்க்காரர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் எடுத்துப் போடுகிறார்கள், மணிக்கணக்கில். அந்த முகங்களில் பலரை எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை, கேட்டேன். காது இரையும், நிறுத்துவேன், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். என்னோடு இருக்கும் தங்கச்சி இதென்ன வேலை என்று ஏசினாள்.

தேடியது ஒரு பழைய திருவிழாச் சுற்றுப்பிரகாரத்தில் இருந்தது. கமரா ஊர்வலத்தில் தூக்கிப்போகும் சொரூபத்தைத்தான் பார்த்துக்கொண்டு போகிறது. எட்வின் படத்தில் எங்கும் இல்லை. கமராவுக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள். பாட்டு ஒரு கணம் ஓய்ந்தபோது அவருடைய குரல் வருகிறது, றேடியோவில் பேசுவதைவிட மெதுவாக.

ஜசிந்தாவைக் கூப்பிட்டேன். வந்தாள். ஹெட்போனைக் கொடுத்து ஓட்டினேன். அவள் கேட்டது இதுதான்.

“ஜசி, பிள்ளையை இங்கால தா. கை நோகும்.”

“வேண்டாம். இப்பதான் நித்திரை.”

இரண்டாவது அவளுடைய குரல். அதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்த நாள் அவளுக்கு நினைவே இல்லை. மறுபடி ஓட்டச் சொன்னாள், ஓட்டினேன். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கனநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்ட நேரம் பிள்ளையைக் குடுத்திருக்கலாம்,” என்றாள்.